வெளியே எடுத்துச் செல்லக் கூடாதவள்

இதில் எதையும் நான் கண்ணால் பார்க்கவில்லை. மேல்நிலைப் பள்ளியில் எனக்குப் பொருளியல் நடத்திய ஜெபக்கனி டீச்சர் சொல்லிக் கேட்டதுதான். இரண்டு தடவை சொன்னார், இரண்டு தடவையும் கதை ஒரே ஓர் இடத்தில் மாறியது, அந்த இடம் வரும்போது அதை எழுதுகிறேன். முதல் தடவை, எம்.ஏ. சேர்வதற்காக மதிப்பெண் பட்டியல் நகலில் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான் என்பதால், எந்தத் தாளைக் கொடுத்தாலும் அதற்கு ஒரு நகலும், அந்த நகல் தொலைந்தால் என்ன செய்வது என்று இன்னொரு நகலும் வைத்துக்கொள்கிற பயம் எனக்கு உண்டு. ஐந்து நகல்களிலும் பொறுமையாகக் கையெழுத்துப் போட்ட டீச்சர், எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டார். சொன்னேன். பேனாவை மூடினார்.

"அங்க லைப்ரரியில ரெண்டாவது மாடி ரெஃபரன்ஸ்ல ஒரு பச்சை அட்டைப் புத்தகம் இருக்கணும், செல்வி. கண்ணுல பட்டா எனக்குச் சொல்லுவியா" என்றார்.

அந்த நூலகம் ஊருக்கு மேற்கே, பேருந்து கடைசியாகத் திரும்புகிற செம்மண் மேட்டில், நான்கு மாடிக் கட்டிடமாக நிற்கிறது. டீச்சர் படித்த தொண்ணூற்றேழாம் வருடம் வாசலில் பதினேழு விதிகள் எழுதிய ஒரு பலகை இருந்தது. பையை வாசலிலேயே வைத்துவிட வேண்டும், அடையாள அட்டை இல்லாதவர் உள்ளே வரக் கூடாது, மாணவர் ஒருவருக்கு டோக்கன் இரண்டு, ஒரு டோக்கனுக்கு ஒரு புத்தகம் பதினான்கு நாள், தன் டோக்கனைப் பிறருக்குக் கொடுக்கக் கூடாது, ரெஃபரன்ஸ் பகுதியில் உள்ள எதையும் வெளியே எடுத்துச் செல்லக் கூடாது, தவிர்க்க முடியாவிட்டால் துறைத்தலைவர் கையெழுத்துடன் இரண்டு டோக்கனையும் ஒப்படைத்துவிட்டுக் காலையில் எடுத்து மாலை ஐந்துக்குள் திருப்பிவிட வேண்டும் என்றெல்லாம் போய், பதினாறாவது விதி, பத்து ஆண்டுகளாக உறுப்பினர் எவரும் கேட்காத நூல் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டு வாசல் மேசையில் வைக்கப்படும், விரும்புவோர் யாராயினும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னது. பதினேழாவது, நூலகரின் முடிவே இறுதியானது.

பலகையில் இல்லாத ஒரு வழக்கமும் மாணவர்களிடம் இருந்தது. ஒரே பிரதி உள்ள புத்தகத்தை வெளியே கொண்டுபோக முடியாதென்பதால், தேர்வு நெருங்கும்போது அதை அதன் இடத்திலிருந்து எடுத்து, யாரும் போகாத வேறு துறையின் அடுக்கில், வரிசைக்குப் பின்னால் செருகி வைத்துவிடுவார்கள். வேண்டும்போது தான் மட்டும் போய்ப் படித்துக்கொள்ளலாம். இதற்கு ஊருக்கு அனுப்புவது என்று பெயர். "அந்தப் புத்தகம் எங்கட்டி?" என்று கேட்டால், "யாரோ ஊருக்கு அனுப்பிட்டாவ" என்பார்கள், கேட்டவளும் சிரித்துவிட்டுப் போய்விடுவாள், ஏனென்றால் அவளும் ஒன்றை அனுப்பியிருப்பாள். புத்தகங்கள் அதிகமாகப் போய்ச் சேர்ந்த ஊர், மூன்றாவது மாடியில் இருந்த கப்பல் கட்டும் கலை அடுக்கு. கப்பல் கட்டும் துறை அந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. யாரோ ஓய்வுபெற்ற பொறியாளர் அன்பளிப்பாகக் கொடுத்த நூற்றுப் பத்துப் புத்தகங்கள் அவை.

பச்சை அட்டைப் புத்தகம் பொருளியல் மாணவர்களுக்கான புள்ளியியல் கணக்குகள் கொண்டது. சேர்க்கை எண் 41736. ஒரே பிரதி. வினாத்தாள் எடுக்கிறவர்கள் அதிலிருந்துதான் எடுப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை. மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, டீச்சரின் வகுப்பில் படித்த ஒருத்தி அதைக் கப்பல் கட்டும் கலைக்கு அனுப்பிவிட்டாள்.

புதன்கிழமை அதைத் தேடி வந்தவள் பேச்சியம்மாள். ஆலங்குளம் பக்கத்துக்காரி, வகுப்பில் முதலாவது வருகிறவள், பீடி சுற்றுகிற தாயின் ஒரே மகள். அடுக்கில் புத்தகம் இருந்த இடம் ஒரு கை அகலத்துக்கு இடைவெளியாக இருக்க, அவள் அதன் முன்னால் நின்றாள். யாராவது எடுத்துப் படித்துக்கொண்டிருப்பார்கள், திருப்பி வைப்பார்கள் என்று அன்று முழுவதும் நின்றாள், வியாழக்கிழமை முழுவதும் நின்றாள், சாப்பிடப் போன நேரத்தில் வந்துவிட்டால் என்ன செய்வதென்று வெள்ளிக்கிழமை சாப்பிடப் போகாமல் நின்றாள், சாயங்காலம் ஐந்தரைக்கு மணி அடித்ததும் எல்லோரையும்போல இறங்கி வாசலுக்கு வந்தாள், வாசலைத் தாண்ட முடியவில்லை.

யாரும் அவளைத் தடுக்கவில்லை. வாசல் வரை நடப்பாள், எதையோ மறந்து வைத்துவிட்டவள்போல நிற்பாள், திரும்பி மாடிப்படியை நோக்கி நடப்பாள். மறுபடி வருவாள், மறுபடி திரும்புவாள். பைகளைப் பார்த்துக்கொள்கிற சண்முகவடிவு அக்கா நான்காவது தடவை வரை பொறுத்திருந்தார்.

"என்னட்டி, போறதுன்னா போ, இருக்கதுன்னா இரு. எனக்கு வீட்டுல போயி உல வைக்கணும்."

"போகத்தான்க்கா வாரேன். காலு திரும்பிருது."

நூலகர் முகைதீன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அவளை மேலும் கீழுமாகப் பார்த்தார். அவருக்கு ஆச்சரியம் எதுவும் இருந்ததாக டீச்சர் சொல்லவில்லை. இது எந்த விதியின் கீழ் வரும் என்ற கவலைதான் அவருக்கு. அன்றைக்கு அக்காவைத் துணைக்கு இருக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை ரெஃபரன்ஸ் பகுதியைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு எண்ணச் சொன்னார். நான்கு தடவை எண்ணினார்கள். புத்தகங்களை மட்டும் எண்ணினால் ஒன்று குறைந்தது. அந்த இடைவெளிக்கு முன்னால் நின்ற பேச்சியம்மாளையும் சேர்த்து எண்ணினால் சரியாக இருந்தது.

"அப்பம் 41736க்குப் பதிலா இவ இருக்கா" என்றார் முகைதீன் சார். "ரெஃபரன்ஸ். வெளிய போகாது."

திங்கட்கிழமை நூலகக் குழு கூடியது. மாலை மணி அடித்தால் மாணவி வெளியேற வேண்டும் என்று விதி இருப்பதால், வெளியேறாதவள் மாணவி ஆகமாட்டாள் என்று ஒரு பேராசிரியர் சொன்னார். வருகைப் பதிவு இருக்கும்வரை மாணவிதான், ஆனால் நூலகச் சொத்தாகவும் இருக்கலாம், ஒன்றுக்கொன்று தடையில்லை என்று இன்னொருவர் சொன்னார். புத்தகத்தை ஒளித்து வைத்தவர் கொண்டுவந்து வைத்தால் இவள் தானாகப் போய்விடுவாள் என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள். அப்படிக் கொண்டுவந்து வைப்பவரின் டோக்கன்கள் ரத்து செய்யப்பட்டு, ஹால் டிக்கெட் நிறுத்தப்பட்டு, பெயர் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் என்ற பழைய விதியை இந்த ஒரு தடவைக்குத் தளர்த்தலாமா என்று பேச ஆரம்பித்தபோது தேநீர் வந்துவிட்டது, அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எடுக்கப்படவில்லை.

நூலகத்தில் சேர்கிற எதற்கும் முத்திரை குத்த வேண்டும். முத்திரையும் மைத் தட்டும் கொண்டுவந்த உதவியாளரைச் சண்முகவடிவு அக்கா கையை நீட்டித் தடுத்தார். "பொம்பளப் பிள்ள மேல சீல் குத்துவீகளோ. அந்தானைக்குப் போங்க." கடைசியில் ஓர் அட்டையில் முத்திரை குத்தி, எண்ணை எழுதி, நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளக் கொடுத்தார்கள். உள்ளே உணவுப் பொருள் கூடாது என்ற விதிக்குத் துணைவிதி ஒன்று எழுதப்பட்டது.

மூன்றாம் நாளிலிருந்து மாணவர்கள் அவளைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அந்தப் புத்தகத்தை அவள் அதற்குமுன் ஒரே ஒரு தடவைதான் புரட்டியிருந்தாள், ஆனால் இப்போது எந்தக் கணக்கைக் கேட்டாலும் பக்கம், படம், அடிக்குறிப்பு உட்படச் சொன்னாள். கேட்டவர் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ள ஒரு நோட்டு வைக்கப்பட்டது. ஓர் ஆளுக்கு ஒரு மணி நேரம், ஒரே சமயத்தில் இரண்டு பேருக்கு மேல் கூடாது, உரக்கக் கேட்கக் கூடாது. புத்தகத்தைவிட இது நல்லதாக இருக்கிறதே என்று எல்லோரும் சொன்னார்கள். புத்தகம், புரியவில்லை என்றால் இரண்டாம் தடவை வேறு மாதிரிச் சொல்லாது. பேச்சியம்மாள் சொன்னாள். அதனால் யாரும் புத்தகத்தைத் தேடவில்லை. ஒரு மணி முடிந்து எழுந்துபோகிற ஒவ்வொருவரிடமும் அவள் கேட்டாள்: "அந்தப் பச்சை அட்டையை எங்கயும் பாத்தியா?" அவர்கள் இல்லை என்று சொல்லிவிட்டு, மறுநாளைக்கும் நேரம் குறித்துக்கொண்டு போனார்கள்.

அவளுடைய அம்மா மூக்கம்மாள் தகவல் தெரிந்து இரண்டு பஸ் மாறி வந்தார். அடையாள அட்டை இல்லாததால் அவரை உள்ளே விட முடியவில்லை. மகள் வாசலுக்கு இந்தப்பக்கமும் தாய் அந்தப்பக்கமுமாக நின்றார்கள். பீடி சுற்றுவதற்கான புகையிலை இருந்த பையைச் சண்முகவடிவு அக்கா வாங்கிப் பூட்டி வைத்தார்.

"ரேசன் கார்டுல எம்மவ பேரு இருக்கு. எங்க கார்டுல இருக்கவள ஒங்க நோட்டுல எப்படிய்யா ஏத்துவிய?" என்று மூக்கம்மாள் நூலகரிடம் கேட்டார்.

"விதி இருக்கும்மா" என்றார் முகைதீன் சார்.

"எங்க இருக்கு?"

சார் பலகையைக் காட்டினார். தனக்கு வாசிக்கத் தெரியாது, வாசிக்கச் சொல்லுங்கள் என்றார் அந்த அம்மா. பதினேழு விதிகளையும் நூலகரே நின்று வாசித்தார். மூக்கம்மாள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டாமல் கேட்டுக்கொண்டிருந்து, பதினாறாவதை மட்டும் திரும்ப வாசிக்கச் சொன்னார். பிறகு, "பத்து வருசமா" என்றார். சார், "ஆமா" என்றார். அந்த அம்மா பையை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அதன்பிறகு மாதந்தோறும் முதல் வியாழக்கிழமை வந்தார்.

ஏப்ரலில் தேர்வு வந்தது. தேர்வுக்கூடம் சாலைக்கு அந்தப்பக்கம் வேறு கட்டிடத்தில் இருந்தது. நான்கு தேர்வு, நான்கு நாள். ரெஃபரன்ஸ் பொருளை வெளியே கொண்டுபோக யாராவது ஒரு மாணவர் தன் இரண்டு டோக்கனையும் ஒப்படைக்க வேண்டும், டோக்கனைக் கொடுக்க வேண்டுமானால் அதில் எடுத்திருக்கிற இரண்டு புத்தகங்களையும் முதலில் திருப்பிக் கொடுக்க வேண்டும். தேர்வுச் சமயத்தில் யார் கொடுப்பார்கள்? பத்தொன்பது பேர் இருந்த வகுப்பில் எல்லோருக்கும் பேச்சியம்மாள்மேல் பிரியம் இருந்தது, எல்லோர் டோக்கனிலும் புத்தகம் இருந்தது. அப்போது ஜெபக்கனி, அதாவது எங்கள் டீச்சர், எழுந்து, நான் எடுக்கிறேன் என்றார். துறைத்தலைவர் வகுப்பிலேயே அவரைப் பாராட்டினார். விடுதியில் அன்று அவருக்கு இரண்டு அப்பளம் கூடுதலாக வைத்தார்கள்.

நான்கு நாளும் காலை ஒன்பதே முக்காலுக்கு ஜெபக்கனி கையெழுத்துப் போட்டுப் பேச்சியம்மாளை எடுத்துக்கொண்டு வெயிலில் சாலையைக் கடப்பார். கையைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும், விட்டால் கால் திரும்பிவிடும். பேச்சியம்மாள் வெளியில் எல்லாவற்றையும் சத்தமாகப் பெயர் சொல்லிக்கொண்டு வருவாள். ஆலங்குளம் பஸ், கரும்புச் சாறு, நாய், குடை. தேர்வு முடிந்ததும் சாலையோரத்துக் கடையில் ஆளுக்கு ஒரு டீ குடித்துவிட்டு ஐந்துக்குள் திரும்பிவிடுவார்கள்.

கடைசி நாள் டீக்கடையில் பேச்சியம்மாள் சொன்னாளாம்: "யாருக்கும் தெரியாம ஒளிச்சு வச்சவளுக்கு, தெரியாமலே எடுத்து வைக்கவும் முடியும்லா. நான் யாருன்னு கேக்க மாட்டேன்ட்டி. திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்."

ஜெபக்கனி, "தேடிப் பாப்பம்ட்டி" என்றாராம்.

கதை மாறிய இடம் இதுதான். முதல் தடவை சொன்னபோது புத்தகத்தை ஒளித்தவள் "எங்க கிளாஸ்ல ஒருத்தி". இரண்டாம் தடவை, எனக்கு முதல் பருவத் தேர்வு தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, டீச்சர் தாமாகவே போன் செய்தார். நன்றாகப் படி என்று சொல்லத்தான் அழைக்கிறார் என்று நினைத்தேன். கொஞ்சநேரம் சாப்பாட்டைப் பற்றியும் விடுதித் தண்ணீரைப் பற்றியும் கேட்டுவிட்டு, "அந்த ஒருத்தி நாந்தான், செல்வி" என்றார்.

எதிரில் இருந்தால் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அதன்பிறகு அவர் சொன்னதை வரிசையாக எழுதுகிறேன். பேச்சியம்மாள் மாட்டிக்கொண்ட வெள்ளிக்கிழமை அன்றே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை எடுத்து வைத்துவிடலாம் என்று நினைத்தார். திங்கட்கிழமை ஹால் டிக்கெட்டை நிறுத்துவார்கள் என்ற விதியை யாரோ விடுதியில் வாசித்தார்கள். அவருடைய அப்பா செங்கல் சூளையில் வேலை செய்தார், ஹால் டிக்கெட் என்றால் என்னவென்றே தெரியாமல் அது வந்துவிட்டதா என்று மட்டும் ஒவ்வொரு கடிதத்திலும் யாரையாவது எழுதச் சொல்லிக் கேட்பார். அந்த வாரம் போகட்டும் என்று இருந்தார். அடுத்த வாரம் தினமும் மூன்றாவது மாடிக்குப் போய், கப்பல்களுக்கு நடுவே நின்று, அதே புத்தகத்தை அவரே படித்தார். இரண்டாவது மாடியில் பேச்சியம்மாள் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில். வகுப்பில் எப்போதும் இரண்டாவது வருகிறவர் அவர். தேர்வு முடியட்டும், முடிந்த அன்றே வைத்துவிடுவேன் என்று தினமும் சொல்லிக்கொண்டார், அது பொய் இல்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன் என்றார்.

கடைசித் தேர்வன்று பேச்சியம்மாளை ஐந்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மணி அடிக்க அரைமணி நேரம் இருக்க, அவர் மூன்றாவது மாடிக்கு ஓடினார். வரிசைக்குப் பின்னால் கையை விட்டார். புத்தகம் கையில் பட்டது. வெளியே எடுத்தால் அது வேதியியல் புத்தகம். யாரோ ஒருத்தி தன் புத்தகத்தை அனுப்ப வந்து, அங்கே ஏற்கெனவே இருந்த பச்சை அட்டையைப் பார்த்து, இடம் போதாமல் அதை வேறு ஊருக்கு அனுப்பியிருக்கிறாள். அதில் ஒரு பிள்ளை மாட்டியிருப்பது அவளுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. அந்த மாடியில் முப்பத்திரண்டு அடுக்குகள். ஜெபக்கனி நான்கு அடுக்குகளைப் பார்த்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. மறுநாள் விடுதியைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அப்பா சைக்கிளோடு வாசலில் வந்து நின்றார்.

"கைல புத்தகம் இல்லாம போயி, நாந்தான் ஒளிச்சேன்னு மட்டும் சொன்னா அவளுக்கு என்னம்மா பிரயோசனம்னு நெனச்சேன்" என்றார் டீச்சர். பிறகு, "எனக்கு என்ன ஆகும்னுதான் நெனச்சேன்" என்றார்.

அந்த வருடம் ஜெபக்கனி பல்கலைக்கழகத்தில் முதலாவதாக வந்தார். பேச்சியம்மாளின் முடிவு வெளியிடப்படவில்லை. நூலகத்திலிருந்து நிலுவையில்லாச் சான்று வாங்கினால்தான் பட்டம், நூலகத்தின் இருப்பில் இருக்கிற ஒன்றுக்கு நூலகம் எப்படி நிலுவையில்லாச் சான்று கொடுக்கும் என்று இரண்டு அலுவலகங்கள் ஒன்றையொன்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தன. ஜூனில் பாடத்திட்டம் மாறியது. புதிய பாடத்தில் அந்தக் கணக்குகள் இல்லை. பேச்சியம்மாளிடம் கேட்க வருகிறவர்கள் குறைந்து நின்றுபோனார்கள்.

டீச்சருக்கு மறு வருடம் வேலை கிடைத்தது. அதற்கு முன்பு, மனசு கேட்காமல், நூலக முகவரிக்கு, பேச்சியம்மாள், ரெஃபரன்ஸ் பகுதி என்று போட்டு ஒரு கடிதம் எழுதினார். அதில் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. எப்படி இருக்கிறாய், பழைய கணக்குகளெல்லாம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டிருந்தார், ஞாபகத்துக்கு ஒரு கணக்கையும் எழுதியிருந்தார். பத்து நாளில் அஞ்சலட்டை வந்தது. கணக்கின் விடையும் பக்க எண்ணும் இருந்தன. அதன் கீழே இரண்டு வரிகள்: "புத்தகம் கண்ணில் பட்டால் எடுத்து வை. மற்றபடி இனி எழுதாதே."

கோபம் என்று டீச்சர் எடுத்துக்கொண்டார். கோபப்படத்தானே வேண்டும் என்றும் நினைத்தார். அதற்குப் பிறகு எழுதவில்லை. விடைத்தாள் திருத்தும் பணிக்கு மூன்று வருடம் அதே ஊருக்கு வந்து, நூலகத்துக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளித் தங்கியும், போகவில்லை.

இனி நான் நேரில் பார்த்தவை.

விதிப் பலகை இப்போதும் இருக்கிறது, விதிகள் இருபத்து மூன்று. பத்தொன்பதாவது, "ரெஃபரன்ஸ் பகுதியில் உள்ள எதற்கும் வெளியிலிருந்து உணவு கொடுக்க விரும்புவோர் முன் அனுமதி பெற வேண்டும்" என்கிறது. இது எதற்கு என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை, வண்ணம் பூசும்போதெல்லாம் இருந்ததை அப்படியே எழுதிவிடுகிறார்கள். டோக்கன் போய் அட்டை வந்துவிட்டது. ஊருக்கு அனுப்புவது மட்டும் அதே பெயரில் நடக்கிறது. இரண்டாம் பருவத்தில் நானும் ஒன்றை அனுப்பினேன். விவசாயக் கணக்கெடுப்புத் தொகுதி, ஒரே பிரதி. இரண்டாம் நாளே எடுத்து வைத்துவிட்டேன், அந்த இரண்டு நாளும் வாசலை யாரெல்லாம் தாண்டிப் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இதை எழுதாமல் டீச்சரைப் பற்றி மட்டும் எழுதுவது சரியில்லை என்பதால் எழுதுகிறேன்.

பச்சை அட்டைப் புத்தகத்தை இரண்டு வருடம் தேடினேன். நான்கு மாடிகளிலும், வரிசைகளுக்குப் பின்னாலும் கைவிட்டுப் பார்த்தேன். கப்பல் கட்டும் கலையை ஏதோ ஒரு கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார்கள். புத்தகம் கிடைக்கவில்லை. இரண்டாவது மாடியில் 41735க்கும் 41737க்கும் இடையில் இடைவெளி எதுவும் இல்லை, விரல்கூட நுழையாது.

நான் தேடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்த நூலக உதவியாளர் வள்ளிநாயகம் அண்ணன், போன மாதம், "என்ன நம்பர்மா?" என்று கேட்டார். சொன்னேன்.

"ஷெல்ஃப்ல இல்லன்னா நீக்கப் பதிவேட்டுல பாக்கணும். அத விட்டுட்டு ரெண்டு வருசமா சுவத்துல கையை விட்டுக்கிட்டு இருக்க" என்றார். பதிவேட்டைத் தூசி தட்டும்போது, தான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாசலில் ஒரு வயதான அக்கா இருந்ததாகவும், ரெஃபரன்ஸில் ஒரு அக்கா கணக்குச் சொல்லித் தருவாராமே என்று விசாரித்து வருகிற பிள்ளைகளை, "அங்கன ஒருத்தியும் இல்ல, ஒன் சோலியப் பாத்துக்கிட்டுப் போ" என்று விரட்டிவிடுவார் என்றும், எதற்கு அப்படி விரட்டினார் என்று தனக்கு இன்றுவரை தெரியாது என்றும் சொன்னார்.

சண்முகவடிவு அக்காவுக்கும் மூக்கம்மாளுக்கும் இடையில், முதல் வியாழக்கிழமைகளில் வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்ட ஏதோ ஒரு நாளில், பத்து வருடம் யாரையும் அவளைக் கேட்க விடுவதில்லை என்ற ஏற்பாடு நடந்திருக்க வேண்டும். இது என் ஊகம். பதிவேட்டில் உள்ளது ஊகம் இல்லை, நான் அதை இரண்டு தடவை பார்த்து எழுதி வைத்திருக்கிறேன்.

பக்கம் 38. சேர்க்கை எண் 41736. நிலை: நன்று. நீக்கக் காரணம்: பத்து ஆண்டுகளாக உறுப்பினர் எவரும் கேட்கவில்லை. அடுத்த கட்டத்தில், கடைசியாகக் கேட்கப்பட்ட நாள் இருக்கிறது: 1998 ஜூன் 11, கடிதம் மூலம், கேட்டவர் பெ. ஜெபக்கனி, உறுப்பினர் (பழைய மாணவி). அதற்கு முந்தைய நாள் எது என்று பழைய நோட்டில் தேடிப் பார்த்தேன். 1997 ஜூலை 3. அந்தக் கடிதம் வராமல் இருந்திருந்தால் பத்து ஆண்டு பதினொரு மாதம் முன்பே முடிந்திருக்கும்.

டீச்சருக்குப் போன் செய்து, நீக்கியிருக்கிறார்கள், அவர் அங்கே இல்லை என்று சொன்னேன். "யாரும் கேக்கலியா?" என்று கேட்டார். யாரும் கேட்கவில்லை என்றேன். "நான் கேட்டிருக்கணும், செல்வி. ஒரு தடவையாவது போயிக் கேட்டிருக்கணும்" என்றார். கடைசியாகக் கேட்டவர் யார் என்று எழுதியிருக்கிற அந்த ஒரு கட்டத்தை மட்டும் நான் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை. அஞ்சலட்டையில் இருந்தது கோபம் இல்லை என்று அவருக்குச் சொல்ல வேண்டுமானால் அதையும் சொல்லியாக வேண்டும். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசிக் கட்டம், பெற்றுக்கொண்டவர். அங்கே ஓர் இடது பெருவிரல் ரேகை, பக்கத்தில் வேறு யாருடைய கையெழுத்திலோ "மூக்கம்மாள், தாயார்" என்று இருக்கிறது. நாள் 2008 ஜூன் 12. அது வியாழக்கிழமைதானா என்று பழைய நாட்காட்டியில் பார்த்தேன், வியாழக்கிழமைதான், ஆனால் முதல் வியாழன் இல்லை. நீக்கப்பட்டவற்றைக் காலை பத்து மணிக்கு வாசல் மேசையில் வைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை சொல்கிறது. நூலகம் திறக்கிற நேரம் அப்போதும் ஒன்பது மணிதான், அதையும் சரிபார்த்துவிட்டேன். ரேகைக்கு எதிரே எழுதியிருக்கிற நேரம் ஒன்பது மணி ஒரு நிமிடம்.